கோடரிக்காம்பு பாக்டீரியா: தன் இனத்தைக் கொல்லும் மருந்தைத் தானே செய்ய வைத்த கதை

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து எழுதி, வாசிப்புக்காகச் சற்றுச் செப்பனிட்ட வடிவம்.)

பெனிசிலின் பத்தி நாம பேசின எபிசோடைக் கேட்டுட்டு ஒரு நண்பர் மெசேஜ் அனுப்பியிருந்தார். "பூஞ்சையை வளர்த்துப் பெனிசிலின் எடுக்கிறோம், சரி. அதே மாதிரி ஒரு பாக்டீரியாவை வளர்த்து, பாக்டீரியாவைக் கொல்ற மருந்தை அதையே செய்யச் சொல்ல முடியாதா?"

சாதாரணக் கேள்வி மாதிரிதான் இருக்கு. ஆனா கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. பூஞ்சை பெனிசிலின் செய்யுதுன்னா அதுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பெனிசிலின் பாக்டீரியாவோட சுவரைத்தான் உடைக்கும். பூஞ்சைக்கு அந்தச் சுவரே கிடையாது. பாக்டீரியா விஷயம் அப்படியில்லை. நம்ம ஊர்ல 'குலத்தைக் கெடுக்க வந்த கோடரிக்காம்பு'ன்னு திட்டுவாங்களே, அந்த மாதிரி ஒரு பாக்டீரியாவை உருவாக்கணும். அது செய்யற மருந்து முதல்ல கொல்லப்போறது அதையேதான். செத்துப்போன தொழிலாளியை வெச்சு எந்தத் தொழிற்சாலையை நடத்துறது?

இந்தச் சிக்கலோடு ஆராய்ச்சியாளர்கள் நாற்பது வருஷத்துக்கு மேல மல்லுக்கட்டியிருக்காங்க. அந்தக் கதைதான் இன்னைக்கு. நடுவுல ஒரு தவளை வரும், ஒரு சிப்பாய் வருவார், வான்கோழிகூட வரும்.

முதல்ல தவளை.

1980களின் நடுப்பகுதி. அமெரிக்காவின் பெதஸ்டா நகரில் தேசிய சுகாதார நிறுவனம் இருக்கிறது. அங்கே மைக்கேல் ஜாஸ்லாஃப் என்ற மருத்துவர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அவருடைய வேலைக்கும் மருந்துக்கும் சம்பந்தமே இல்லை. செல்லுக்குள் ஆர்.என்.ஏ. எப்படி இடம் மாறுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு ஆப்பிரிக்க நகத்தவளையின் முட்டைகள் தேவைப்பட்டன. தவளையின் வயிற்றைக் கீறி, சினைப்பையை எடுத்துவிட்டு, தையல் போட்டு, மறுபடியும் தொட்டித் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்.

அந்தத் தண்ணீர் சுத்தமான தண்ணீர் இல்லை. தவளைகள் கழிவெல்லாம் கலந்து, பாக்டீரியா கொழிக்கிற தண்ணீர். ஆபரேஷன் முடிஞ்ச ஒருத்தரை நேரா கூவத்துல இறக்கிவிட்டா என்ன ஆகும்? ஆனால் தவளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. காயம் சீழ் பிடிக்காமல், பெரிதாக வீங்கக்கூட செய்யாமல் ஆறியது. இதை ஜாஸ்லாஃபுக்கு முன்னாடியும் எத்தனையோ பேர் பார்த்திருப்பாங்க. ஏன்னா அந்தத் தவளை உலகம் முழுக்க லேப்ல இருந்த பிராணி. 'ஏன் சீழ் பிடிக்கலை?'ன்னு நின்னு கேட்டவர் இவர்.

தவளையின் தோலை எடுத்து அலசினார். இரண்டு சின்னஞ்சிறு பெப்டைடுகள் கிடைத்தன. பெப்டைடு என்றால் அமினோ அமிலங்களைக் கோத்த ஒரு குட்டிச் சரம். நீளமாக இருந்தால் அதையே புரதம் என்கிறோம். இவை ஒவ்வொன்றிலும் 23 மணிகள்தான். 1987இல் வெளியிட்டார். ஹீப்ரு மொழியில் கேடயத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து எடுத்து 'மகைனின்' என்று பெயர் வைத்தார்.

நியாயமாச் சொல்லணும்னா இந்த வகையில மகைனின் முதல் ஆள் இல்லை. சுவீடனில் ஹான்ஸ் போமன் குழு 1981லேயே ஒரு பெரிய அந்துப்பூச்சி இனத்தின் கூட்டுப்புழுவிலிருந்து 'செக்ரோபின்' என்ற பெப்டைடைக் கண்டுபிடித்திருந்தது. நம்மைப் போல ஆன்டிபாடி செய்யத் தெரியாத பூச்சிகள் எப்படிக் கிருமிகளைச் சமாளிக்கின்றன என்பது போமனின் கேள்வி. ஆனால் தவளை நமக்குக் கொஞ்சம் கிட்டத்து உறவு, முதுகெலும்பு உள்ள பிராணி. அதனால பத்திரிகைகள் மகைனினைத்தான் தூக்கிப் பிடிச்சாங்க.

இந்தப் பெப்டைடுகள் வேலை செய்யும் விதம் எளிமையானது. அவற்றில் பாசிடிவ் மின்னேற்றம் அதிகம். பாக்டீரியாவின் சவ்வுக்கு வெளிப்பக்கம் நெகடிவ் மின்னேற்றம். நம் செல்களின் வெளிப்பக்கம் பெரும்பாலும் நடுநிலை. அதனால் பெப்டைடு நம்மை விட்டுவிட்டு பாக்டீரியாவின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும்; அப்புறம் சவ்வுக்குள் புகுந்து ஓட்டை போடும். உள்ளே இருப்பது வெளியே கசியும். கதை முடிந்தது.

சாதாரண ஆன்டிபயாடிக் பெரும்பாலும் பாக்டீரியாவின் ஏதோ ஒரு புரதத்தைக் குறிவைக்கும். அந்த ஒரு புரதத்தில் ஒரு மாற்றம் வந்தால் போதும், மருந்து பலிக்காது. சவ்வையே மாற்றிக்கொள்வது அவ்வளவு சுலபமா? அதனால் இந்த ஆயுதத்துக்கு எதிர்ப்பு வளர வாய்ப்பு மிகக் குறைவு என்று ஜாஸ்லாஃப் உட்படப் பலர் நம்பினார்கள். இந்த நம்பிக்கையை நினைவுல வெச்சுக்கங்க. பின்னாடி தேவைப்படும்.

சரி, ஆயுதம் கிடைச்சாச்சு. எங்கே செய்யறது?

தவளைத் தோலை உரித்து ஊருக்கெல்லாம் மருந்து கொடுக்க முடியாது. ரசாயன முறையில் செய்யலாம். ஒவ்வொரு அமினோ அமிலமாகக் கோத்துக்கொண்டே போகும் முறை 1960களிலேயே வந்துவிட்டது. ஆனால் 23 மணி என்றால் ஏறக்குறைய அத்தனை சுற்று வேலை, அத்தனை சுற்றுக் கழுவல். கிலோக்கணக்கில் வேண்டுமென்றால் செலவு எகிறும். பாக்டீரியாவோ கொஞ்சம் சர்க்கரையும் உப்பும் போட்டால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அதற்குள் ஜீனை வைத்துவிட்டால் அதுபாட்டுக்குச் செய்துகொடுக்கும்.

அந்த வித்தை அதற்குப் பத்து வருடத்துக்கு முன்பே நடந்திருந்தது. 1977. கலிஃபோர்னியாவில் ஹெர்பர்ட் போயர், கெய்ச்சி இட்டாகுரா, ஆர்தர் ரிக்ஸ் ஆகியோரின் கூட்டணி. போயர் அதற்கு முந்தைய வருடம்தான் ஜெனன்டெக் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர். மூளையில் சுரக்கும் சோமட்டோஸ்டாட்டின் என்ற ஹார்மோனை ஈ.கோலை பாக்டீரியாவில் செய்யப் பார்த்தார்கள். அதில் 14 அமினோ அமிலம்தான். அந்த ஹார்மோனை முதன்முதலில் பிரித்தெடுத்தவர்களுக்கு ஐந்து மில்லிகிராம் கிடைக்க ஏறத்தாழ ஐந்து லட்சம் ஆட்டு மூளை தேவைப்பட்டதாம். ஐந்து லட்சம்!

இட்டாகுரா ஜீனை ரசாயன முறையில் செய்துகொடுத்தார். அதை ஈ.கோலைக்குள் வைத்தார்கள். காத்திருந்தார்கள். அளந்து பார்த்தார்கள். ஒன்றுமே இல்லை.

ஏன்? பாக்டீரியாவுக்குள் குப்பை அள்ளும் ஆட்கள் உண்டு. வழக்கத்துக்கு மாறான குட்டிப் புரதம் எதைப் பார்த்தாலும் வெட்டிப் போட்டுவிடும் நொதிகள். சோமட்டோஸ்டாட்டின் உருவாகி இருக்கலாம். உருவான வேகத்தில் குப்பைக்குப் போயிருக்கும்.

அவங்க கண்டுபிடிச்ச வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஈ.கோலைக்குச் சொந்தமான ஒரு பெரிய புரதம் இருக்கிறது, பீட்டா-கேலக்டோசிடேஸ். அதன் வாலில் இந்தக் குட்டி ஹார்மோனை ஒட்டிவிட்டார்கள். குப்பை அள்ளுபவர் பார்த்தால் தெரிந்த பெரிய மனிதர் போகிற மாதிரி இருக்கும். அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு இந்தப் பொடியன் தப்பித்துவிடுவான். கடைசியில் பாக்டீரியாவை உடைத்து, சயனோஜன் புரோமைடு என்ற ரசாயனத்தால் வாலை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டார்கள். அந்த ரசாயனம் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் இருக்கும் இடத்தில் மட்டும் வெட்டும். சோமட்டோஸ்டாட்டினுக்குள் மெத்தியோனின் கிடையாது, அதனால் சேதமில்லாமல் வெளியே வந்தது. சில லிட்டர் பாக்டீரியாக் குழம்பில் ஐந்து லட்சம் மூளைக்கு நிகரான ஹார்மோன். அடுத்த வருடமே இன்சுலினும் பாக்டீரியாவில் தயாரானது. இன்னைக்கு நம்ம வீட்டு ஃப்ரிட்ஜ்ல இருக்கிற இன்சுலினோட பூர்வீகம் இதுதான்.

ஆக, 1987இல் மகைனின் வந்தபோது வழி தயாராக இருந்தது. ஆனால் ஒரு வித்தியாசம். இன்சுலின் ஈ.கோலையை ஒன்றும் செய்யாது. மகைனின் மாதிரி பெப்டைடு, தன்னைச் செய்கிற செல்லையே ஓட்டை போட்டுவிடும். இப்போ ரெண்டு ஆபத்து: ஒண்ணு, பாக்டீரியா பெப்டைடை வெட்டிப் போடும், இல்லைன்னா பெப்டைடு பாக்டீரியாவை முடிச்சுடும். யார் முந்துறாங்கங்கிறதுதான் கேள்வி.

இங்கே 1977இன் தந்திரம் வேறொரு அர்த்தத்தில் திரும்பி வந்தது. அன்று பெரிய புரதம் பெப்டைடுக்குப் பாதுகாப்பு. இன்று அதே பெரிய புரதம் பாக்டீரியாவுக்கும் பாதுகாப்பு. கத்திக்கு உறை மாதிரி. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஹான்காக்கின் குழு 1993இல் இதைச் செய்துகாட்டியது. மனித வெள்ளை அணுக்களில் இருக்கும் டிஃபென்சின் ஒன்று, செக்ரோபினையும் தேனீ விஷத்தின் மெலிட்டினையும் ஒட்டவைத்த கலப்புப் பெப்டைடு ஒன்று, இந்த இரண்டும்தான் கத்திகள். உறைக்குப் பல புரதங்களைச் சோதித்தார்கள். நோய் உண்டாக்கும் ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாவின் 'புரோட்டீன் ஏ'யும் அவற்றில் ஒன்று. எதிரி வீட்டுத் துணியில தச்ச உறை!

உறை மட்டும் போதவில்லை. நம் வெள்ளை அணுவே டிஃபென்சினை அப்படியே செய்வதில்லை. நெகடிவ் மின்னேற்றம் கொண்ட ஒரு துண்டை முன்னால் ஒட்டியேதான் செய்கிறது. பாசிடிவும் நெகடிவும் ஒன்றையொன்று சமன் செய்துகொள்வதால் கத்தியின் முனை மழுங்கியிருக்கும். பத்திரமான இடத்துக்குப் போனபின் அந்தத் துண்டு நீக்கப்படும். அதாவது, தன் விஷத்தால் தானே சாகாமல் இருக்க நம் உடம்பும் இதே வழியைத்தான் பிடித்திருக்கிறது. ஹான்காக் குழு அதையும் இரவல் வாங்கியது.

அதே தசாப்தத்தின் கடைசியில் கொரிய ஆராய்ச்சியாளர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். தேரையின் வயிற்றிலிருந்து கிடைத்த ப்யூஃபோரின் என்ற பெப்டைடை ஒன்று ஒன்றாக இல்லாமல் சரம் சரமாகச் செய்யவைத்தார்கள். நடுநடுவே மின்னேற்றத்தைச் சமன் செய்யும் அமிலத் துண்டுகள். வேறு சிலர், பெப்டைடு கரையாமல் கட்டியாகச் செல்லுக்குள்ளேயே உறைந்துபோகும்படி உறையை அமைத்தார்கள். கட்டியாக இருக்கும் கத்தி யாரையும் குத்தாது இல்லையா?

இதையெல்லாம் படிக்கும்போது பிரச்சினை தீர்ந்த மாதிரிதான் தோணும். தீரலை. உறையைக் கழற்றும் வேலைதான் செலவு. சயனோஜன் புரோமைடு கொடிய விஷம். தொழிற்சாலை அளவில் கையாள்வது தலைவலி. அதற்குப் பதில் நொதி போட்டால் விலை ஏறும். இன்னொன்று: தவளைத் தோல் பெப்டைடுகள் பலவற்றில் கடைசி முனையில் 'அமைடு' என்ற ஒரு சின்ன ரசாயன மாற்றம் உண்டு. அந்தக் குஞ்சத்தை வைக்க ஈ.கோலைக்குத் தெரியாது. நூறு கிராம் புரதம் செய்தால் அதில் முக்கால்வாசிக்கு மேல் உறை; கத்தி கொஞ்சம்தான். ரசாயன முறையும் இதற்குள் மலிவாகிக்கொண்டே வந்தது.

மருந்து உலகத்தில் என்ன நடந்தது? ஜாஸ்லாஃப் ஒரு கம்பெனி தொடங்கினார். மகைனினைக் கொஞ்சம் மாற்றி 'பெக்சிகனான்' என்ற செயற்கைப் பெப்டைடு. சர்க்கரை நோயாளிகளின் காலில் வரும் ஆறாத புண்ணுக்கு மேலே தடவும் களிம்பு. ஏற்கெனவே கடையில் இருந்த ஆஃப்லாக்சசின் மாத்திரையோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே பலன். 1999இல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அனுமதி மறுத்தது. பிறகு வேறொரு கம்பெனி மறுபடி சோதித்தது. 2016இல் அதுவும் தோற்றது, இந்த முறை மருந்தில்லாத களிம்பைவிட மேலானது என்று காட்டமுடியாமல்.

எனக்கென்னமோ 1999ஐ மட்டும் நினைச்சா கொஞ்சம் வருத்தமா இருக்கும். 'பழைய மருந்தைவிடப் புதுசு பெட்டரா?'ன்னு கேக்கிறது நியாயம்தான். ஆனா பழைய மருந்து ஒருநாள் வேலை செய்யாமப் போகும்போது கையில என்ன இருக்கும்ங்கிற கேள்வியை அந்தக் கணக்கு கேக்கிறதில்லை. 2019இல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேரடியாக இறந்தவர்கள் உலக அளவில் 12.7 லட்சம் பேர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

இப்போ நான் நினைவுல வெச்சுக்கச் சொன்ன விஷயம். சவ்வைக் குத்தும் கத்திக்கு எதிர்ப்பு வளராது என்ற நம்பிக்கை. பரிணாமவியலாளர் கிரஹாம் பெல்லும் அவரது சகா ஒருவரும் 2003இல் இதை வெளிப்படையாகச் சந்தேகித்தார்கள். போதுமான காலம் கொடுத்தால் பாக்டீரியா எதற்கும் பழகும், அதிலும் இந்த விஷயத்தில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது என்றார்கள். நம் வியர்வையில், வெள்ளை அணுக்களில் இருப்பதும் இதே குடும்பத்துப் பெப்டைடுகள்தான். மருந்துக்கு எதிர்ப்பு வளர்த்துக்கொண்ட கிருமி நம் உடம்பின் சொந்த ஆயுதத்துக்கும் மசியாமல் போனால்?

சண்டை போட்டுக்கொண்டிருக்காமல் சோதித்துவிடலாம் என்று முடிவானது. ஈ.கோலை, சூடோமோனாஸ் என்று 24 பரம்பரைகளைத் தனித்தனியாக வளர்த்தார்கள். பெக்சிகனானைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனார்கள். 600, 700 தலைமுறை தாண்டியபோது 24இல் 22 பரம்பரைகள் எதிர்ப்புப் பெற்றிருந்தன. 2006இல் வெளிவந்த அந்தக் கட்டுரையில் மூன்று பெயர்கள்: பெரோன், ஜாஸ்லாஃப், பெல். ஆமாம், அதே ஜாஸ்லாஃப். தன் நம்பிக்கை தப்புன்னு காட்டற சோதனையில தன் பேரையும் போட்டுக்கிட்டார். 2012இல் பிரிட்டனில் நடந்த இன்னொரு சோதனையில், பெக்சிகனானுக்குப் பழகிய ஸ்டாஃபைலோகாக்கஸ், மனித டிஃபென்சினுக்கும் ஓரளவு பழகிவிட்டது என்று தெரிந்தது. பெல் பயந்தது வெறும் கற்பனை இல்லை.

இங்கேயே கதை முடிஞ்சிருக்கலாம். ஆனா பக்கத்துலயே இன்னொரு கதை ரொம்ப நாளா ஓடிக்கிட்டு இருந்தது. அதுக்காக நாம பின்னாடி போகணும், முதல் உலகப் போருக்கு.

1917. ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் ஆல்ஃபிரட் நிஸ்லே என்ற மருத்துவர். பால்கன் போர்முனையில் சிப்பாய்கள் கொத்துக்கொத்தாக வயிற்றுக்கடுப்பில் விழுந்தார்கள். ஒரே ஒரு சிப்பாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அவருடைய குடலில் அப்படி என்ன இருக்கிறது? மலத்திலிருந்து ஓர் ஈ.கோலை வகையைப் பிரித்தெடுத்தார் நிஸ்லே. மற்ற கிருமிகளை அது அடக்குவதைக் கண்டார். காப்ஸ்யூலில் அடைத்து நோயாளிகளுக்குக் கொடுத்தார். அந்த ஈ.கோலைக்கு இன்றும் பெயர் 'நிஸ்லே 1917'. அது எப்படி அடக்குகிறது என்பது அவருக்கு முழுதாகத் தெரியாது. மைக்ரோசின் என்ற குட்டிப் பெப்டைடுகளை அது சுரக்கிறது என்பது பல பத்தாண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது.

1925இல் பெல்ஜியத்தின் ஆந்த்ரே கிராட்டியா, ஓர் ஈ.கோலை வகை இன்னோர் ஈ.கோலை வகையைக் கொல்வதைத் தட்டிலேயே காட்டினார். இனத்துக்குள்ளேயே அடிதடி. நம்ம கோடரிக்காம்பு ஏற்கெனவே காட்டுக்குள்ளேயே இருந்திருக்கு, பாருங்க.

அடுத்தது பால். 1928இல் அமெரிக்காவில், பாலைப் புளிக்கவைக்கும் ஒரு பாக்டீரியா மற்ற பாக்டீரியாக்களை வளரவிடாமல் தடுப்பதைப் பார்த்தார்கள். அந்தப் பொருளைப் பிரித்து 1947இல் இங்கிலாந்தில் 'நைசின்' என்று பெயரிட்டார்கள். 34 அமினோ அமிலம். இன்று 50க்கும் மேற்பட்ட நாடுகளில் உணவு கெடாமல் இருக்கச் சேர்க்கப்படுகிறது. அடுத்த தடவை பிராசஸ்டு சீஸ் வாங்கினா பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க; பிரிசர்வேட்டிவ் 234ன்னு போட்டிருந்தா அது நைசின்தான். செஞ்சது ஒரு பாக்டீரியா.

அந்தப் பாக்டீரியா தன் நைசினால் ஏன் சாகவில்லை? 1988இல் நைசினின் ஜீனைப் படித்தபோது பாதி பதில் கிடைத்தது. நைசின் உருவாகும்போதே முன்னால் ஒரு கூடுதல் துண்டோடு உருவாகிறது. அது இருக்கும்வரை நைசின் செயலற்றது. செல்லுக்கு வெளியே தள்ளியபின் ஒரு நொதி அந்தத் துண்டை வெட்டும். உறை! ஹான்காக் குழு பாடுபட்டுச் செய்த அதே உறை, பால் பாக்டீரியாவிடம் எந்தக் காலத்திலிருந்தோ இருக்கிறது. மீதிப் பதில்: அதனிடம் தனியாகத் தற்காப்பு ஜீன்களும் உண்டு. வெளியே போன நைசின் திரும்பி வந்து தன் சவ்வைத் தொட்டால் அதைத் தடுத்துத் தள்ளிவிடும் புரதங்கள். விஷமும் விஷமுறிவும் ஒரே ஜீன் வரிசையில், பக்கத்தில் பக்கத்தில்.

என் பார்வையில கதையோட திருப்பம் இதுதான். தவளைப் பெப்டைடைத் துரத்தினவங்க பாக்டீரியாவை வாடகைக்கு எடுத்த சமையலறை மாதிரி பார்த்தாங்க. சமைக்கணும், பாத்திரத்தைக் காலி பண்ணணும், அடுப்பை அணைக்கணும். ஆனா பாக்டீரியாவோட சொந்தப் பெப்டைடை எடுத்துக்கிட்டா தற்காப்பு ஜீனும் கூடவே இலவசமா வரும். அப்புறம் எதுக்கு அதைக் கொன்னு, உடைச்சு, வடிகட்டணும்? நிஸ்லே செஞ்ச மாதிரி உயிரோட அனுப்பிடலாமே, சண்டை நடக்கிற இடத்துக்கே!

2011இல் சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மேத்யூ சாங், போ சுவே லூ ஆகியோரின் குழு இதைத்தான் செய்தது. எதிரி சூடோமோனாஸ் ஏருஜினோசா, மருத்துவமனைகளில் பலவீனமான நோயாளிகளைத் தாக்கும் பிடிவாதக்காரன். இந்தக் கிருமிகள் கூட்டம் சேரும்போது தங்களுக்குள் ஒரு ரசாயனத்தால் பேசிக்கொள்ளும். 'நாம எத்தனை பேர் இருக்கோம்' என்று எண்ணிப் பார்க்கிற பேச்சு. அந்தப் பேச்சை ஒட்டுக்கேட்கும் ஒரு ஜீனை ஈ.கோலைக்குள் வைத்தார்கள். எதிரியின் குரல் கேட்டால் மட்டும் ஈ.கோலை பயோசின் என்ற ஆயுதத்தைச் செய்யும். போதுமான அளவு சேர்ந்ததும் தன்னையே வெடித்துக்கொண்டு அதை வெளியே கொட்டும்.

கறாராச் சொன்னா பயோசின் பெப்டைடைவிடப் பெரிய புரதம், பாக்டீரியாவே பாக்டீரியாவுக்கு எதிராகச் செய்யும் ஆயுதம்ங்கிற வகையில உறவு. சோதனைக்கூடத்தில் நீரில் மிதக்கும் சூடோமோனாஸின் வளர்ச்சியை இந்த ஏற்பாடு 99 சதவீதம் குறைத்தது. ஒட்டுக்கேட்டு, சமயம் பார்த்து, தான் செத்து எதிரியைச் சாய்க்கிறது. ஆரம்பத்துல 'செத்துப்போன தொழிலாளி'ன்னு சொன்னோமே, இங்கே அந்தச் சாவையே வேலையோட ஒரு பகுதியா ஆக்கிட்டாங்க. 2017இல் அதே ஆராய்ச்சி வரிசை நிஸ்லே 1917ஐயே எடுத்துக்கொண்டு, எலிகளின் குடல் வரை போனது.

பெப்டைடுக்கே திரும்புவோம். அர்ஜென்டினாவின் துகுமான் நகரில் 1992இல் பிறந்த குழந்தை ஒன்றின் மலத்திலிருந்த ஈ.கோலையில் ஒரு பெப்டைடைக் கண்டுபிடித்தார்கள்: மைக்ரோசின் ஜே25. 21 அமினோ அமிலம். வடிவம்தான் விசித்திரம். ஒரு முனை வளையமாகச் சுருண்டிருக்கும், மறுமுனை அந்த வளையத்துக்குள் நுழைந்து மாட்டிக்கொண்டிருக்கும். மாடு பிடிக்கிற சுருக்குக் கயிறு மாதிரி. முடிச்சு இறுகியிருப்பதால் வெட்டும் நொதிகளுக்கு எளிதில் சிக்காது. இது சவ்வைக் குத்துவதில்லை. உள்ளே நுழைந்து ஜீனைப் படிக்கும் இயந்திரத்தை அடைத்துவிடும். சால்மோனெல்லாவுக்கு இது எமன். இதற்கும் சொந்தத் தற்காப்பு ஜீன் உண்டு. செல்லுக்குள் சேர்ந்த ஜே25ஐ வெளியே இறைத்துக்கொட்டும் ஒரு பம்ப்.

அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் யானிஸ் காஸ்னெசிஸின் குழு ஜே25இன் ஜீன்களை, பம்ப் சகிதம், நிஸ்லே ஈ.கோலைக்குள் வைத்தது. அதை வான்கோழிகளுக்குக் கொடுத்தார்கள். மினசோட்டா அமெரிக்காவில் வான்கோழி வளர்ப்புக்குப் பேர்போன மாநிலம். கோழி, வான்கோழிக் குடலில் இருக்கும் சால்மோனெல்லாதான் சமையலறை வழியாக மனிதர்களுக்கு வருகிறது. 2017இல் வெளியான முடிவு: இந்தப் பாக்டீரியாவை வாங்கிக்கொண்ட வான்கோழிகளில் சால்மோனெல்லா 97 சதவீதம் குறைவு. ஆன்டிபயாடிக் போல இது குடலில் இருக்கும் எல்லாரையும் வாரிக்கொண்டு போகவில்லை. ஜே25 குறிவைப்பது சால்மோனெல்லாவையும் அதன் நெருங்கிய சொந்தங்களையும் மட்டும்தான்.

அப்போ ஏன் இன்னும் மெடிக்கல் ஷாப்ல இல்லைன்னு கேப்பீங்க. இது உயிருள்ள மருந்து, அதுதான் காரணம். மாத்திரை உடம்புக்குள் போய்க் கரைந்துவிடும். இது பெருகும்; கழிப்பறை வழியாக வெளியே போகும்; தன் பிளாஸ்மிட்டை வழியில் பார்க்கிற இன்னொரு பாக்டீரியாவுக்குக் கொடுக்கலாம். ஜே25இன் ஜீன்களும் பம்பும் சேர்ந்து ஒரு சால்மோனெல்லாவிடம் போய்ச் சேர்ந்தால், நாமே எதிரிக்கு ஆயுதமும் கவசமும் கொடுத்த மாதிரி.

இதற்கும் வழி தேடியிருக்கிறார்கள். ஆம்ஸ்டர்டாமில் ஜீன் மாற்றப்பட்ட ஒரு பால் பாக்டீரியாவைப் பத்து நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். முடிவு 2006இல் வெளியானது. கொடுத்தது கிருமியைக் கொல்ல இல்லை, க்ரோன்ஸ் எனும் குடல் அழற்சிக்கு. அந்தப் பாக்டீரியாவிடமிருந்து ஒரு முக்கிய ஜீனைப் பிடுங்கியிருந்தார்கள். டி.என்.ஏ. செய்யத் தேவையான தைமிடின் என்ற பொருளை அதனால் தானாகச் செய்ய முடியாது. யாராவது ஊட்டினால்தான் உயிர். வெளியே போனால் பட்டினியில் சாகும். புதுசா கொடுத்த ஜீனையும் அது இல்லாம வாழமுடியாத ஜீன் இருந்த அதே இடத்துலயே வெச்சாங்க. இன்னொருத்தர்கிட்ட கடன் வாங்கி உயிர் பிழைச்சா, மருந்து செய்யற ஜீனை அது இழந்துடும். பாக்டீரியாவுக்கு மூக்கணாங்கயிறு போட்ட விதத்துல இது எனக்குப் பிடிச்ச ஒண்ணு.

கிருமியைக் கொல்லும் பெப்டைடைச் செய்யும்படி ஜீன் மாற்றிய பாக்டீரியா எதுவும் மனிதர்களுக்கான அங்கீகரிக்கப்பட்ட மருந்தாக இன்னும் வரவில்லை. எலி, வான்கோழி, சோதனைக்கூடத் தட்டு, அவ்வளவு தூரம் வந்திருக்கிறது. ஜீனை மாற்றாத நிஸ்லே 1917, அந்தச் சிப்பாயின் குடலில் இருந்த அதே வகை, ஜெர்மனியில் காப்ஸ்யூலாக இன்றும் விற்பனையாகிறது.

அடுத்த எபிசோட்ல பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ்களைப் பத்திப் பேசுவோம். சந்திப்போம்.